பவுனு விரல் விட்ட தண்ணீர்

ஓட்டுப் போட்டவர்களின் விரல் பட்டால் உப்புத் தண்ணீர் இனிக்கும் என்பதை எங்கள் வாரியக் குடியிருப்பில் முதலில் கண்டுபிடித்தவள் பவுனு, அதையும் சோம்பேறித்தனத்தால்தான் கண்டுபிடித்தாள், உச்சி வெயிலில் பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவள், சொம்பைத் தேட அலுத்துக்கொண்டு டம்ளரைக் குடத்துக்குள் விட்டுக் கையோடு மொண்டாள், இடது கையால் மொண்டாள், மை வைத்த விரல் நனைய மொண்டாள், ஒரு மிடறு குடித்துவிட்டு, "லாரி எப்ப வந்துச்சு?" என்று புருஷன் தணிகாசலத்தைக் கேட்டாள். லாரி வந்து நாளாகியிருந்தது. குடத்தில் இருந்தது எங்கள் அடிபம்புத் தண்ணீர், பருப்பை வேகவிடாத தண்ணீர், தலைக்கு ஊற்றினால் முடியைத் தேங்காய் நாராக்கி விடுகிற தண்ணீர்.

நகரத்து ஆற்றங்கரையிலிருந்து எங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தச் சதுப்பு ஓரத்தில் இறக்கியபோது வீடு கொடுத்தார்கள், கரண்ட் கொடுத்தார்கள், நல்ல தண்ணீரை மட்டும் மறந்துவிட்டார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற சம்பங்கி என்க்ளேவ் என்ற அடுக்குமாடிக்கு அடியிலும் அதே உப்புதான், பூமி ஒன்றும் அவர்களுக்காக ஓரவஞ்சனை செய்யவில்லை. ஆனால் அவர்களுக்கு டேங்கர் வரும், கேன் வரும், சுவரில் மாட்டிய மெஷின் ஒன்று நாளெல்லாம் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கும்.

அன்று சாயங்காலத்துக்குள் ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் அவரவர் குடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்கள், எல்லாக் குடமும் இனித்தது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, வெள்ளத்தில் கட்டிலுக்கு மேல் மீன் நீந்தியதைப் பார்த்தவர்கள் நாங்கள், இதற்கெல்லாம் அசருவோமா. பேச்செல்லாம் இடது கையைப் பற்றித்தான் எழுந்தது, குடிக்கிற தண்ணீரில் போய் இடது கையை விடுவதா என்று கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு அந்த ஒரு விரலை மட்டும் வலது கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள், அதைத் தனியாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கவும் துணி பிழியவும் பெண்கள் பழகிக்கொண்டார்கள். காசு வாங்கிக்கொண்டு போட்டவன் விரலும் இனித்தது, வாங்கிய காசுக்கு மாற்றிப் போட்டவன் விரலும் இனித்தது, எவனும் வேண்டாம் என்று கடைசிப் பொத்தானை அமுக்கியவன் விரலும் அதே அளவு இனித்தது. ஓர் ஆள் தூக்கக்கூடிய பாத்திரம் வரைக்கும்தான் பலிக்கும், தொட்டியில் விட்டால் பலிக்காது. விரலுக்கு இருந்த நிபந்தனை அது ஒன்றுதான்.

ஓட்டுப் போடாதவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததே, அதுவரை அவர்களை யாரும் கவனித்ததில்லை. மேஸ்திரி லீவு கொடுக்காதவர்கள், கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள், முகவரி இன்னும் ஆற்றங்கரையிலேயே இருப்பவர்கள், ஒரு நாள் கூலி போனால் அடுத்த நாள் அடுப்பு எரியாதவர்கள், இப்படி எங்களுக்குள்ளேயே கொஞ்சம் அதிகம் இல்லாதவர்கள். அவர்கள் வீட்டுக் குடத்தில் மட்டும் உப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது, உப்புக்கு எதிரில் அவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

அதில் ஒருத்தி ஜெகதா. பவுனுவின் ஓரகத்தி, மூத்த மருமகள், அடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். எதிர் அடுக்குமாடியில் சாருமதி மேடம் வீட்டில் வேலை செய்கிறாள். தேர்தலுக்கு முதல் நாள் மேடம், "நாளைக்கு எலக்சன் ஜெகதா, எல்லாருக்கும் லீவு, ஆத்துக்காரரோட ஆபீஸ் ஃபிரண்ட்ஸ் சாப்பிட வரா, நீ கொஞ்சம் சீக்கிரமே வந்துடு" என்று சொல்லியிருந்தாள், எல்லோருக்கும் லீவு என்பதில் ஜெகதா சேர்த்தி இல்லை என்பது இருவருக்குமே அப்போது தோன்றவில்லை. விருந்துப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவள் ஓடியபோது பள்ளிக்கூடத்தின் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அவள் புருஷன் ஏகாம்பரம் பெயிண்டர், அவனும் அன்றைக்குச் சாரத்தின் மேல்தான் இருந்தான்.

ஜெகதாவுக்கு வயிறு எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை, பற்றிக்கொண்டு எரிந்தது. பவுனு இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்தே அப்படித்தான், இவள் விடிவதற்கு முன் எழுந்து உழைப்பாள், அவள் சாவகாசமாக எழுந்து கொட்டாவி விடுவாள், கடைசியில் மாமியார் கம்மலை அவளுக்குத்தான் கழற்றிக் கொடுத்தாள், குலுக்கலில் கீழ்த்தளத்து வீடும் முதலில் அவளுக்குத்தான் விழுந்தது, பிறகு இவளுக்கும் பக்கத்திலேயே கிடைத்ததைக்கூட ஜெகதா அவள் தயவு மாதிரி நினைத்து மருகினாள். இப்போது தண்ணீரும் போயிற்று. உழைக்கப் போனவள் வாயில் உப்பு, படுத்துக் கிடந்து மத்தியானம் எழுந்து போனவள் வாயில் இனிப்பு என்றால் எந்தப் பெண்தான் தாங்குவாள்?

பவுனு காலையில் வாசலில் வந்து நிற்பாள், விரலை நிமிர்த்திக்கொண்டு.

"க்கா, குடத்தக் கொண்டாக்கா, ஒரு முக்கு முக்கிட்டுப் போறேன்."

"எங்க ஊட்டுத் தண்ணி நல்லாத்தான் கீது."

"நல்லா கீதா? அப்ப இன்னாத்துக்கு மாமா எங்க ஊட்டாண்ட வந்து சொம்பு சொம்பா குடிச்சிட்டுப் போறாரு?"

ஜெகதா கதவைச் சாத்தினாள். அன்றைக்குச் சாயங்காலம் ஏகாம்பரம் மீசை நனைந்து, முகமெல்லாம் குளிர்ந்து வந்தபோது அவனுக்குச் சோறு போடவில்லை. கட்டிய புருஷன் வேறொருத்தி வீட்டில் தண்ணீர் குடிப்பதைவிட வேறெதைச் செய்திருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்று அவளே எங்களிடம் சொன்னாள். பிடிவாதமாக உப்பையே குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், கேட்டவர்களிடம் பழகிவிட்டது என்றாள்.

விஷயம் சாலையைத் தாண்டிப் போனது. தண்ணீர் இல்லாமல் அங்கே யாரும் தவிக்கவில்லை, ஆனால் எதிர்ப்பக்கத்துக் குடிசைமாற்றுக்காரர்கள் தங்களைவிட நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதை அவர்களால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு பாட்டிலில் வாங்கிப்போய்ச் சோதனைச்சாலையில் கொடுத்தார்கள், அவர்கள் ஒன்றும் விசேஷமில்லை, வெறும் நல்ல தண்ணீர் என்று எழுதிக் கொடுத்தார்கள், அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. அந்த அடுக்குமாடியில் ஓட்டுப் போட்டிருந்தது வெகு சிலர்தான், முதல் மாடியில் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் அதில் ஒருவர், அவர் கதவைத் தாளிட்டுக்கொண்டு தனியாக இனிப்பு குடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்ற ஞானம் இருந்தது. போன் போட்டால் எல்லாம் வாசலுக்கு வந்துவிடுகிறவர்களுக்கு வரிசை எதற்கு?

சாருமதி மேடம் கண்ணாடி ஜாடியை எடுத்து நீட்டினாள். "ஜெகதா, கையை நன்னா சோப்புப் போட்டு அலம்பிட்டு, இதுல கொஞ்சம் விரலை விடேன்."

ஜெகதா வெறும் விரலைக் காட்டினாள்.

"என்ன ஜெகதா, நீ போடலையா? உங்க பக்கத்துல எல்லாரும் தவறாம போடுவாளே!"

"நீங்கதானேம்மா அன்னிக்கு விருந்துன்னு சீக்கிரம் வரச் சொன்னீங்க."

மேடத்துக்கு அது காதில் விழவில்லை, எதிர் ஃபிளாட் வேலைக்காரிக்கு மை வைத்த விரல் இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்குப் போதுமானதாக இருந்தது, எதிர் ஃபிளாட்டில் காபி தேவாமிர்தமாக இருக்கிறதாம், வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுகிறார்களாம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் ஓரகத்தி இருக்காளே, அவளைக் கொஞ்சம் வரச் சொல்லேன்" என்றாள்.

அப்படித்தான் பவுனு அந்த வீட்டுக்கு வந்தாள், தான் வேலை செய்கிற கம்பெனியின் வேன் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போவாள், ஜாடியில் விரலை விடுவாள், குக்கரில் விடுவாள், காபிக்கு வைத்த தண்ணீரில் விடுவாள், அவ்வளவுதான் வேலை. விரலை நன்றாக ஊறவிட வேண்டும் என்று மேடம் அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள், ஜெகதா இத்தனை வருஷத்தில் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை அந்த நாற்காலியில், அதில் உட்கார்ந்து பவுனு, அந்த வீட்டு மனிதர்கள் குடிக்கிற கோப்பையில் காபி குடித்தாள். ஜெகதா தரை துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலி வரைக்கும் வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"காலத் தூக்குடி."

பவுனு இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். "காபில சக்கரையே போடலக்கா, அப்பவும் இனிக்குது பாரேன்" என்றாள், வேண்டுமென்று சொன்னாளா வெகுளியாகச் சொன்னாளா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஜெகதா அந்தக் காலுக்கடியில் துடைத்தாள். அப்போது அவள் மனதில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது, ஒரு நாள் தான் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும், கீழே பவுனு துடைக்க வேண்டும். தண்ணீர்கூட அப்புறம்தான்.

நகம் வளருமே, அதை யார் தடுக்க முடியும். மை மெல்ல மெல்ல நகத்தின் நுனிக்கு ஏறியது, ஏற ஏற இனிப்பு குறைந்தது. எங்கள் பெண்கள் நகம் வெட்டுவதை நிறுத்தினார்கள், நீண்ட நகத்தை வைத்துக்கொண்டு மாவு பிசைந்தார்கள், நகம் உடைந்தவர்கள் வீட்டில் இழவு வீடு மாதிரி அழுகை கேட்டது. அந்த நேரம் பார்த்து எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. காலமானார், இடைத்தேர்தல் என்று அறிவித்தார்கள். செத்தவர் நல்லவரோ கெட்டவரோ, அவர் சாவுக்குக் குடியிருப்பே சந்தோஷப்பட்டது பாவம்தான், ஆனாலும் சந்தோஷப்பட்டோம்.

சந்தோஷம் சாலைக்கு அந்தப் பக்கமும் இருந்தது. இந்தத் தடவை ஒரு ஃபிளாட் விடாமல் ஓட்டுப் போடுவது என்று சங்கத்தில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள், நாட்டின் மேல் அவர்களுக்கு இவ்வளவு அக்கறை என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. ஆனால் வெயிலில் நிற்பது எப்படி? அதற்கு வழியை எங்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் லாரிக்கு நாங்கள் குடத்தை வைத்து இடம் பிடிப்போம், குடம் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி, அதைத் தாண்டி யாரும் போகமாட்டோம், அது எங்களுக்குள் எழுதாத சட்டம். வேலைக்காரிகள் முதலில் போய் வரிசையில் நிற்கட்டும், முறை வரும்போது நாங்கள் வந்து வாங்கிக்கொள்கிறோம் என்று அவர்கள் சொன்னபோது, பிறந்ததிலிருந்து குடம் வைத்துப் பழகிய எங்களுக்கு அதில் தப்பே தெரியவில்லை. நாங்களே குடமாகிவிட்டோம் என்பது உறைக்கவில்லை. இடத்தைக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொள்ளலாம் என்றுதான் ஒவ்வொருத்தியும் நினைத்தாள்.

ஜெகதாவும் அப்படித்தான் போய் நின்றாள், இடுப்பில் தன் அட்டையையும் செருகிக்கொண்டு. ஒவ்வொரு காராக வந்தது. முன்னால் நின்றவள் விலகுவாள், கஞ்சி போட்ட காட்டன் புடவை ஒன்று அந்த இடத்தில் வந்து நிற்கும், "டிபன் வெச்சிருக்கேன், நீ போய்ச் சட்னியைத் தாளிச்சுடு" என்று ஒரு குரல் கேட்கும், விலகியவள் கடைசியைத் திரும்பிப் பார்ப்பாள், கடைசி எங்கேயோ சாலை முக்கில் இருக்கும், அவள் சட்னி தாளிக்கப் போவாள். ஆண்கள் வரிசையில் டிரைவர்களும் வாட்ச்மேன்களும் அதே மாதிரி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

சாலை முக்கில் பவுனு நின்றாள். புது மை வரப்போகிறது என்ற தைரியத்தில் அன்று காலையில்தான் பழைய நகத்தைப் பிளேடால் வெட்டிப் போட்டிருந்தாள். அவளுடைய கம்பெனி தொகுதி எல்லைக்கு வெளியே இருந்தது, இடைத்தேர்தலுக்கு அங்கே லீவு கிடையாது. வேன் வந்து ஹாரன் அடித்தது. வரிசையைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், மறுபடி வரிசையைப் பார்த்தாள், ஏறிப் போய்விட்டாள். தூரத்திலிருந்து அதைப் பார்த்த ஜெகதாவுக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. எவ்வளவு நாள் எரிந்த வயிறு அது.

ஜெகதா பள்ளிக்கூட வாசற்படிக்கு வந்தபோது மேடம் போன் செய்தாள். "எங்கே இருக்கே?"

"வாசலாண்ட வந்துட்டேம்மா. எனக்கு முன்னால ஒருத்தங்கதான்."

"ரெண்டே நிமிஷம், கிளம்பிட்டேன். யாரையும் விட்டுடாதே."

முன்னால் இருந்தவள் உள்ளே போய் வெளியே வந்தாள். போலீஸ்காரர் ஜெகதாவைப் பார்த்தார். "யாருக்கு நிக்கிற நீ? அவங்க வரலியா?"

ஜெகதா சாலையைப் பார்த்தாள். மேடத்தின் கார் திரும்புவது தெரிந்தது. இந்த இடத்தை விட்டால் இன்னொரு தேர்தல் வரைக்கும் உப்பு, பவுனு வாசலில் வந்து சிரிப்பாள், விடாவிட்டால் வேலை போய்விடும். வேலையை அவள் ஒரு நிமிஷம் நினைத்தாள், நாற்காலியை நினைத்தாள், அதில் தூக்கிய பவுனுவின் இரண்டு காலையும் நினைத்தாள்.

"எனக்குத்தான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மை ஈரம் காயாமல் அவள் வெளியே வந்தபோது சாருமதி மேடம் படியில் நின்றுகொண்டிருந்தாள், கண் நேராக விரலுக்குப் போயிற்று.

"ஜெகதா, என் இடம் எங்கே?"

"கடைசில இருக்கும்மா."

மேடம் கடைசியைப் பார்த்தாள். வெயில் சாலையை உரித்துக்கொண்டிருந்தது. காரில் ஏறித் திரும்பிப் போய்விட்டாள், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று மத்தியானத்துக்குள் போனில் சொல்லிவிட்டாள்.

அந்த அடுக்குமாடியில் இந்தத் தடவை வீட்டுக்கு வீடு இனித்தது, மூன்றாவது மாடியில் உப்பு மிச்சமிருந்தது சாருமதி மேடம் வீட்டில் மட்டும்தான். எங்கள் பக்கம் விருந்துக்குத் தாளித்தவர்களும் சட்னிக்குத் தாளித்தவர்களும் மறுபடி உப்பில் உட்கார்ந்தார்கள். ஜெயித்தவர் நன்றி சொல்லச் சம்பங்கி என்க்ளேவுக்குத்தான் முதலில் போனார், இளநீர் கொடுத்தார்கள், எங்கள் பக்கம் ஜீப்பிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போனார், அந்த மாதத்திலிருந்து லாரி வருவதும் குறைந்தது. எத்தனை விரல் எந்தப் பக்கம் என்று ஜெயிக்கிறவர்களுக்கும் தெரியாமலா இருக்கும்.

ஜெகதா காத்திருந்தாள். வேலை போனதைவிட அவளுக்கு அது பெரிதாக இருந்தது, பவுனு குடத்தோடு வருவாள், வாயைத் திறந்து கேட்பாள், தான் உடனே கொடுக்கக்கூடாது, வாசலில் கொஞ்ச நேரம் நிற்க வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் திட்டமிட்டு வைத்திருந்தாள். பவுனு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் உப்பைக் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமுவது கேட்டது, தணிகாசலம் மட்டும் அண்ணி வீட்டில் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டுப் போனான், போனதும் அங்கே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. கடைசியில் ஜெகதாவுக்கே பொறுக்கவில்லை, ஒரு சாயங்காலம் அவள் வாசலில் போய் நின்றாள். பவுனு குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"கேட்டா இன்னாடி, வாய்ல முத்து உதிர்ந்துடுமா?"

"எங்க ஊட்டுத் தண்ணி நல்லாத்தான்க்கா கீது."

போன் அடித்தது. சாருமதி மேடம்தான், குரலில் தேன் ஒழுகியது, சத்தம் பவுனு வரைக்கும் கேட்டது. "நடந்ததை விடு ஜெகதா. நீ இனிமே வீட்டு வேலையெல்லாம் செய்ய வேண்டாம். காலம்பற வந்து விரலை விட்டுட்டு, நாற்காலியில உக்காந்து காபி குடிச்சுட்டுப் போ. அந்தப் பவுனைக் கேளேன், இப்போ அவளுக்குத்தான் விரல் இல்லையே, அவ வந்து தரை துடைக்கட்டும்."

பவுனு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், ஜெகதா அந்தக் காட்சியைப் பார்த்தாள், தான் நாற்காலியில், கையில் அந்தக் கோப்பை, கீழே பவுனு மண்டியிட்டுத் துணியைப் பிழிந்துகொண்டு வருகிறாள், காலைத் தூக்கச் சொல்கிறாள், தான் மெதுவாக, மிக மெதுவாகத் தூக்குகிறாள். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அதிலேயே இருந்தாள், அந்தப் பக்கம் மேடம் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அதே தரையில் தன் கை ஓடியது நினைவுக்கு வந்தது, யார் துடைத்தாலும் யார் காலைத் தூக்கினாலும் அது அவர்கள் இருவர்தான், மேடத்தின் கால் அந்தத் தரையில் எங்கேயும் இருந்ததில்லை.

"அவளுக்கு முட்டி வலிம்மா. தரையெல்லாம் தொடைக்க மாட்டா" என்றாள். "எனக்கும் காபி ஆவாது." போனை அணைத்துவிட்டாள்.

"எனக்கு எங்கக்கா முட்டி வலி?" என்றாள் பவுனு, திரும்பாமலே.

"இனிமே வரும். வாய மூடு."

பவுனு கேட்கவில்லை, கடைசி வரைக்கும் கேட்கவில்லை. குடத்தை மட்டும் காலால் மெல்ல இவள் பக்கம் நகர்த்தினாள். ஜெகதா பக்கத்தில் உட்கார்ந்து விரலை விட்டாள், தேவைக்கு மேலேயே நேரம் விட்டாள், பவுனு ஒரு டம்ளர் மொண்டு குடித்துவிட்டு, "சுமாரா கீது" என்று சொல்லி இன்னொரு டம்ளர் மொண்டாள்.